மோட்டார் ஓடும்போது மட்டும் பேசுகிறவர்

என் மாமா வென்டல் லோக்கன் யாரிடமும் எதையும் வாய்விட்டுக் கேட்கிறவர் இல்லை. கடையில் காபிக்குப் பதில் டீயைக் கொண்டுவந்து வைத்தால், அன்றைக்கு டீ குடிக்கத்தான் வந்தவர்போலக் குடித்துவிட்டு வருவார். ஐம்பத்தேழு வயது, ஆறடி இரண்டங்குலம். குளிர்காலத்தில் எல்க் பெண்ட் ஊராட்சியின் பனி தள்ளும் லாரியை ஓட்டுவார். அதில் உட்கார்ந்தால் விஸ்கான்சின் மாநிலம் முழுக்க அவருக்கு வழிவிடும். இறங்கிவிட்டால் கதவருகே நிற்கும் பூனைக்குக்கூட வழிவிட்டு நிற்பார்.

அம்மா மேடிசனில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறாள். அங்கே பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை என்று இரண்டு வருடமாக மாமா வீட்டு மாடியில் இருக்கிறேன். அதற்கு மேல் என்னைப் பற்றி ஒன்றும் இல்லை. இது மாமாவின் கதை.

மாமாவுக்குக் கை பேசும். ஏப்ரல் மாதம் பனி உருகியதும் தெருவில் இருக்கிற புல்வெட்டி மெஷின்கள் எல்லாம் வரிசையாக எங்கள் ஷெட்டுக்கு வரும். எல்லாவற்றுக்கும் ஒரே வியாதி. போன அக்டோபரில் மிச்சமிருந்த பெட்ரோலை டாங்கிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போயிருப்பார்கள். குளிர்காலம் முழுக்க அது கெட்டுப் பிசினாகி, கார்புரேட்டரில் ஊசி நுழைகிற ஓட்டையை அடைத்திருக்கும். கொண்டுவருகிறவர்களின் முகமும் ஒரே மாதிரிதான் இருக்கும். "நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு வென்டல்." நேற்று வரைக்கும் அதன்மேல் மூன்றடி பனி இருந்தது. மாமா அதற்கும் தலையாட்டுவார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவார், பிளக்கை மாற்றுவார், பழைய எண்ணெயை வடிப்பார், பிளேடைத் தீட்டுவார். கயிற்றை இரண்டு தடவை இழுப்பார். முதல் இழுப்பு எழுப்புவதற்கு, இரண்டாவது கிளப்புவதற்கு. மூன்றாவது இழுப்பு தேவைப்பட்டால் மறுபடி கழற்றுவார்.

அவருடைய சொந்த மெஷின் சிவப்பு நிறம், இருபத்தெட்டு வயது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அதைக் கிளப்பினால் ஊர்க்கோடி தபால் நிலையம்வரை கேட்கும்.

எதிர்வீட்டில் லவோன் ஸ்டூபர் இருக்கிறார். ஐம்பத்தைந்து வயது. கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. சத்தமாகச் சிரிப்பார், சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார், ஏமாற்றியதை ஒத்துக்கொள்வார். சனிக்கிழமை பத்து மணிக்குக் காபியோடு வாசல் நாற்காலியில் வந்து உட்கார்வார். மாமா சத்தம் கேட்காமல் காதை மூடும் ஒரு பெரிய மஞ்சள் மூடியை மாட்டிக்கொண்டு வெட்டுவார். தெருவோரம் வந்து திரும்பும்போதெல்லாம் கையைத் தூக்குவார். லவோனும் கையைத் தூக்குவார். இது ஆறு கோடைக்காலமாக நடக்கிறது.

போன வருடம் ஜூலையில், மாமாமேல் தண்ணீர் அடிப்பதற்காகக் குழாயோடு லைலாக் புதருக்குள் ஒளிந்திருந்தேன். மெஷின் என்னை உரசிக்கொண்டு திரும்பியது. மாமா கையைத் தூக்கினார். மோட்டார் அலறலை மீறிக் கத்தினார்:

"லவோன், வெள்ளிக்கிழமை என்னோட மீன் சாப்பிட வர்றீங்களா?"

லவோன் கையாட்டினார். மாமா திரும்பிப் போய்விட்டார். அடுத்த சுற்றிலும் அதே கேள்வி, அதே கையாட்டல். ஐம்பது நிமிடத்தில் பதினான்கு தடவை கேட்டார். மோட்டார் நின்றதும், "குட் மார்னிங் லவோன்" என்று காதில் விழாத குரலில் சொல்லிவிட்டு ஷெட்டுக்குள் ஓடிவிட்டார்.

நான் தண்ணீர் அடிக்கவில்லை. குழாயில் அழுத்தம் குறைவு.

எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை மீன் சாப்பாடு என்றால் மீன் மட்டும் இல்லை. ஒரு ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து போய் ஒரே மேசையில் உட்கார்ந்து வறுத்த மீனும் உருளைக்கிழங்கு அடையும் சாப்பிட்டால், சனிக்கிழமை விடிவதற்குள் பாதிரியார்வரை சேதி போய்விடும். அதனால்தான் மாமாவுக்கு அந்த ஒரு வாக்கியம் அவ்வளவு கனம். அதைச் சொல்ல அவருக்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது, அந்தச் சிவப்பு மெஷினின் சத்தத்துக்கு உள்ளே.

இந்த மே மாதம் தீயணைப்புப் படை நடத்திய குலுக்கலில் மாமா பன்றித் தொடைக்காக ஒரு சீட்டு வாங்கினார். விழுந்தது பேட்டரி புல்வெட்டி. எல்லாரும் கை தட்டினார்கள். மாமா மட்டும் நாய்க்குட்டியைப் பரிசாகக் கொடுத்து அது கடிக்கும் என்றும் சொன்னதுபோல அந்த டப்பாவைப் பார்த்தார்.

டப்பா பிரிக்கப்படாமல் ஷெட் மூலையில் கிடந்தது. ஹார்ட்வேர் கடை டுவேனுக்குப் பொறுக்கவில்லை. அவர் வீட்டில் பல் தேய்ப்பதிலிருந்து மரம் அறுப்பதுவரை எல்லாம் பேட்டரி. மாமா கடைக்குள் நுழைந்ததும் பிடித்துக்கொண்டார்.

"என்ன வென்டல், டப்பாவையே தொறக்கலயாமே? உள்ள பாம்பு கீம்பு இருக்குன்னு பயமா?"

"பேட்டரி நாப்பது நிமிஷம்தான் நிக்கும். என் புல்லு அம்பது நிமிஷம்" என்றார் மாமா.

"இன்னொரு பேட்டரி வாங்கு."

"அது பாதி மெஷின் விலை. ஏழெட்டு வருஷத்துல ரெண்டும் செத்துரும். என் எஞ்சினுக்கு இருபத்தெட்டு வயசு."

"எண்ணெய் மாத்தணும், பிளக் மாத்தணும், பில்டர தட்டணும், மழைக்காலத்துல அதுக்குச் சளி பிடிக்கும், மருந்து குடுக்கணும். நான் என்ன பண்றேன் தெரியுமா? பேட்டரிய சுவத்துல சொருகுறேன். போயி பீர் குடிக்கிறேன்."

"ரிப்பேர் ஆனா?"

"தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குவேன்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமா தொடர்ந்தார். ஈரப் புல்லில் பேட்டரி திணறும், பெட்ரோல் தீர்ந்தால் ஊற்றிக்கொள்ளலாம் ஆனால் மின்சாரத்தைக் கேனில் கொண்டுவர முடியுமா, இப்படி. அத்தனையும் நியாயம்தான். ஒரு தலைமுறை முழுக்கக் கட்டிக் காத்த கொள்கைபோல ஊரே அதை மதித்தது. நிஜக் காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். பேட்டரி மெஷின் சத்தம் போடாது. சத்தம் இல்லாவிட்டால் மாமாவுக்கு வாய் இல்லை.

ஜூன் மாதம் ஒன்பது நாள் விடாமல் மழை. புல் முழங்காலை விசாரிக்க வந்தது. எட்டு அங்குலத்துக்கு மேல் வளர்ந்தால் ஊராட்சி கடிதம் அனுப்பும், அனுப்பியது: சனிக்கிழமை மதியத்துக்குள் வெட்டாவிட்டால் அவர்களே ஆள்விட்டு வெட்டுவார்கள். ஊராட்சி லாரி ஓட்டுகிறவருக்கே ஊராட்சிக் கடிதம் என்று மாமாவுக்குக் காது சிவந்துவிட்டது. சனிக்கிழமை வெயில் அடித்தது. மாமா சிவப்பு மெஷினின் கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பு, எழுப்புவதற்கு. டொப் என்று ஒரு சத்தம். கயிறு கையோடு வந்துவிட்டது. உள்ளே இருந்த சுருள்கம்பியும் போய்விட்டது.

மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நீதான?"

"சத்தியமா நான் இல்ல மாமா."

"நீ சத்தியம் பண்ணாதான்டி எனக்குச் சந்தேகமே வருது."

"நானா இருந்தா உருளைக்கிழங்க புகைக்குழாய்ல சொருகியிருப்பேன். கயிறெல்லாம் என் தரத்துக்குக் கீழ."

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. டுவேனுக்குப் போன் போட்டார். அந்தச் சுருள் வர பத்து நாள் ஆகும் என்று டுவேன் பாட்டு மாதிரி இழுத்துச் சொன்னார். ஷெட்டில் ரிப்பேருக்கு வந்த நாலு மெஷின் நின்றது. ஆனால் அடுத்தவர் மெஷினில் நம் புல்லை வெட்டுவது மாமாவுக்கு அடுத்தவர் பிரஷ்ஷில் பல் தேய்ப்பது மாதிரி. மணி பத்தேகால். எதிரே லவோன் காபியோடு உட்கார்ந்துவிட்டார்.

நான் டப்பாவைத் திறந்தேன். அதன் ஒட்டுநாடா ஏற்கெனவே பிரிந்திருந்தது. பேட்டரியை முந்தின நாளே சார்ஜ் போட்டு வைத்திருந்தது யார் என்று மாமா கேட்கவில்லை.

"வாயத் தொறக்கக் கூடாது" என்று மாமா தனக்குத்தானே சொன்னது எனக்குக் கேட்டது. பழக்கதோஷத்தில் மஞ்சள் மூடியை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். பட்டனை அமுக்கிப் பிடியை அழுத்தினார். மின்விசிறி போல ஒரு ரீங்காரம், அவ்வளவுதான். லைலாக்கில் தேனீ இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது.

முதல் சுற்று. தெருவோரம் வந்தார், உதட்டைக் கடித்துக்கொண்டு கையை மட்டும் தூக்கினார். இரண்டாவது சுற்றும் அப்படியே. மூன்றாவதில் முகம் கொஞ்சம் தளர்ந்தது, புல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. மெஷின் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது என்று நினைக்கிறேன். அதுதான் ஆபத்து. நான்காவது சுற்றில் தெருவோரம் திரும்பினார். கை உயர்ந்தது. கையோடு சேர்ந்து ஆறு வருடப் பழக்கமும் உயர்ந்தது. காது மூடியிருந்ததால் தன் குரலே அவருக்குத் தெரியவில்லை.

"லவோன்! வெள்ளிக்கிழமை என்னோட மீன் சாப்பிட வர்றீங்களாஆ?"

பனி லாரியின் ஹாரன்கூட அவ்வளவு தூரம் போகாது. தபால்காரப் பெண் நின்றுவிட்டாள். பக்கத்து வீட்டு நாய் குரைப்பதா வேண்டாமா என்று யோசித்தது. மாமா மட்டும் ஒன்றும் தெரியாமல் இரண்டடி போனார். பிறகு லவோன் நாற்காலியிலிருந்து எழுந்ததைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் பத்து மணிக் காபியை லவோன் பாதியில் வைத்ததே இல்லை.

மாமாவின் கை பிடியிலிருந்து நழுவியது. பிடியை விட்டால் அந்த மெஷின் தானாக நின்றுவிடும். இருந்த ரீங்காரமும் போய்விட்டது. லவோன் தெருவைக் கடந்து வந்து, தன் காதைத் தொட்டுக் காட்டினார். மாமா மூடியைக் கழற்றினார். அவர் கழுத்து தக்காளி நிறத்துக்கு வந்திருந்தது.

"எந்த வெள்ளிக்கிழமை?" என்றார் லவோன்.

மாமா மஞ்சள் மூடியைக் கையில் வைத்துத் திருகினார்.

"ஆறு வருஷமா கேக்குறீங்க, எந்த வெள்ளின்னு ஒருநாளாவது சொன்னீங்களா?"

"உங்களுக்கு... அது கேட்டுச்சா?"

"கேக்கல. பாத்தேன். பட்டாணி டப்பா ஃபேக்டரியில பதினாறு வருஷம் மெஷின் பக்கத்துல நின்னவ நான். அங்க யாருக்கும் யார் பேசுறதும் காதுல விழாது. உதட்டப் பாத்துத்தான் கல்யாணம் பேசுவோம், சண்டையும் போடுவோம்."

"அப்ப ஏன் பதில் சொல்லல?"

"சொல்லாம என்ன? ஒவ்வொரு சனிக்கிழமையும் 'வர்றேன், வர்றேன்'னு சொன்னேன். நீங்கதான் பாக்காம மெஷினத் திருப்பிக்கிட்டுப் போயிட்டீங்க."

"வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே..."

"நீங்க மோட்டாரோட கேட்டீங்க. நானும் மோட்டாரோடயே பதில் சொன்னேன். அதான மரியாதை?"

தபால்காரப் பெண் கடிதங்களை மார்போடு அணைத்துக்கொண்டு நகராமல் நின்றாள். மாமா பரிதாபமாகக் குனிந்து மெஷினின் பட்டனைத் தேடினார். கொஞ்சம் சத்தம் கிடைத்தால் போதும் என்று இருந்திருக்கும். அமுக்கிப் பிடியை அழுத்தினார். ரீங்காரம் வந்தது. அது ஒன்றையும் மறைக்கவில்லை. ஷெட்டுக்குள் ஓடுவார் என்றுதான் நினைத்தேன். ஓடுவதற்கு வசதியாக நான் கதவைவிட்டு நகர்ந்துகூட நின்றேன்.

மாமா பிடியை விட்டார். மெஷின் நின்றது.

"இந்த வெள்ளி" என்றார். சத்தமே இல்லாத தெருவில், சத்தமே இல்லாத குரலில். ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. "அஞ்சரைக்கு."

"அஞ்சரைக்குப் போனா வரிசை ரோடு வரைக்கும் நிக்கும். அஞ்சுக்கு வாங்க" என்றார் லவோன். திரும்பிப் போய், ஆறிய காபியைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மாமா மீதிப் புல்லை வெட்டினார். கோடுகள் பாம்புபோல வளைந்து கிடந்தன. ஊராட்சிக் கடிதத்தில் கோணலைப் பற்றி ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை மாமா இஸ்திரி போட்ட சட்டையில் நாலரைக்கே கிளம்பி, தன் காருக்குள் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்து, ஐந்துக்குத் தெருவைக் கடந்து போய்க் கதவைத் தட்டினார். ஏழரைக்குத் திரும்பி வந்தார். நான் சமையலறையில் காத்துக்கொண்டிருக்கவில்லை, தற்செயலாக அங்கே இருந்தேன்.

"என்ன பேசினீங்க மாமா?"

"எங்க பேசறது. உள்ள ஒரே கூட்டம். தட்டு சத்தம், பாட்டு சத்தம், குழந்தைங்க வேற. காதுல ஒண்ணும் விழல."

"அப்ப ரெண்டரை மணி நேரம் என்ன பண்ணீங்க?"

"அவங்க எனக்கு உதட்டப் பாக்கச் சொல்லிக் குடுத்தாங்க." மாமா சட்டையில் இல்லாத தூசியைத் தட்டினார். "பாத்துக்கிட்டே இருந்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"என்ன சொன்னாங்கன்னு புரிஞ்சுதா?"

"பாதி புரிஞ்சுது. மீதிக்குத் தலையாட்டிட்டேன்."

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு லவோன் நீலப் பாவாடையும் நடனக் காலணியுமாக எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ரெடியா வென்டல்? போல்கா மூணு மணிக்கு ஆரம்பம். முதல் ஆட்டமே நம்மதுன்னு சொன்னப்ப நீங்கதான தலையாட்டினீங்க."

வாழ்க்கையில் ஒரு அடிகூட ஆடியிராத மாமா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு, "ரெடி" என்றார். வாய்விட்டுத்தான் சொன்னார்.