மூன்று பந்தியிலும் உட்கார்ந்தவர்

என் வீட்டுக்காரருக்கு இரைப்பையில் புற்றுநோய் என்று தெரிய வந்தபோது எங்கள் மகளுக்கு அப்போதுதான் நிச்சயம் முடிந்திருந்தது. எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அவர் லோரி ஓட்டினார். எனக்கு ஆக்கிப் போட அலுக்காது, அவருக்குச் சாப்பிட அலுக்காது. அப்படியே இருபது வருஷம் ஓடியிருந்தது. அந்த மனுஷனுடைய இரைப்பையை முழுசாக எடுக்க வேண்டும் என்று கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

எடுத்தார்கள். உணவுக்குழாயைக் குடலோடு சேர்த்துத் தைத்து அனுப்பினார்கள். கழுத்தெலும்பு தெரிய அவர் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பி வந்தார்.

எங்கள் பக்கம் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வர மாட்டார்கள். சத்துப்பான டின்னோடு வருவார்கள். கொடுத்துவிட்டுப் போனாலும் பரவாயில்லை. அங்கேயே கலக்கி, குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பார்கள். சுங்கை ஆயர் தாவாரிலிருந்து வந்த என் நாத்தனார், பாதி டின் கெட்டிப்பாலை ஊற்றிக் கலக்கினாள்.

"குடிங்கண்ணே, ஒடம்பு தேற வேணாமா?"

தங்கை மனசு நோகக் கூடாதென்று ஒரே மூச்சில் குடித்தார். கொஞ்ச நேரத்தில் சட்டை நனைய வேர்த்தது, நெஞ்சு படபடத்தது, சுருண்டு படுத்துவிட்டார். நோய் திரும்பி வந்துவிட்டதென்று நாத்தனார் ஓவென்று அழுதாள். எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முந்தியது. அழுவதை வெளியே போய் அழு என்று சொல்லிவிட்டுத் மருந்து கொடுக்கும் தோட்டத்து டிரசரைக் கூட்டி வந்தேன். அவர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆபீஸ் போனிலிருந்து பெரியாஸ்பத்திரி வார்டுக்குப் பேசினார். அங்கிருந்த தமிழ் நர்ஸ் கேட்டது ஒரே கேள்வி: "இனிப்பா எதுவும் குடிச்சாரா?" தங்குவதற்கு இரைப்பை இல்லாததால் இனிப்பு நேராகக் குடலில் இறங்கியிருக்கிறது, படுத்திருந்தால் சரியாகிவிடும் என்றாள். சரியாகவும் ஆனது. அடுத்த தடவை வரும்போது சமைக்கிறவரும் கூட வரட்டும் என்று சொல்லி வைத்தாள்.

திட்டப்போகிறார்கள் என்று நினைத்துத்தான் போனேன். ஒரே அறையில் ஆப்பரேஷன் செய்த சீன டாக்டர், அந்த நர்ஸ், சாப்பாட்டு முறை சொல்லித்தரும் மலாய்ப் பெண் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு எந்தத் தட்டில் சோறு போடுவீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். நான் இரண்டு கையையும் அகல விரித்துத் தட்டின் அளவைக் காட்டியதில் டாக்டரே சிரித்துவிட்டார். இனி தேநீர் சாசர்தான் தட்டு என்றாள். கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும். தண்ணீர் சாப்பாட்டோடு கூடாது, பிறகுதான். டாக்டர் தன் பங்குக்கு, இரைப்பை இல்லாமல் உடம்பில் சேராத சத்துக்காக மாதம் ஓர் ஊசி போடத் தோட்டத்து டிரசருக்குச் சீட்டு எழுதினார்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஆனால் என் மனசை அரித்தது வேறு. அதை நர்ஸிடம் கேட்டேன்.

"கல்யாணத்தத் தள்ளிப் போடணுமா மிஸ்ஸி? பொண்ணோட அப்பா சம்பந்தி பக்கத்துல பந்தியில உக்காந்தாகணும். எலையில வெச்சத மிச்சம் வெச்சாலும் குத்தம்லா."

நர்ஸ் மலாயில் சொன்னாள். அந்தப் பெண் யோசித்தாள். அவர்கள் வீட்டு விருந்திலும் இதே பாடுதான் போலிருக்கிறது. எத்தனை பந்தி வரும் என்று கேட்டாள். மூன்று என்றேன்.

"மூணுலயும் உக்காரட்டும்னு சொல்றாங்க," என்றாள் நர்ஸ். "ஒவ்வொண்ணுலயும் ரெண்டு வாய்."

குறித்த நாளிலேயே கல்யாணம் நடந்தது. முதல் பந்தியில் சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் இலைக்கு மட்டும் நானே இரண்டு வாய் அளவு பரிமாறினேன், பாயச வாளியை அண்டவிடவில்லை. இரண்டாம் பந்தியில் லோரிக் கூட்டாளிகளோடு, கடைசியில் சமையல்காரர்களோடு உட்கார்ந்தார். மூன்று இலையும் துடைத்தாற்போல் இருந்தன.

கடைசிப் பந்தி முடியும்போது, ராசா என்ற ஊரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சத்தமாகவே சொன்னார்: "மூணு பந்தியிலயும் உக்காந்துட்டாருய்யா! என்னா வயிறு அந்த மனுஷனுக்கு!"

என் வீட்டுக்காரர் சட்டைக்கு மேலே தையலைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் ஓர் இலையைப் போட்டு உட்கார்ந்தேன். அவருக்கு நோய் என்று தெரிந்த பிறகு, நான் வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.