சிவப்புச் சிலுவை போட்ட பேட்டரி

அம்மாவின் பாட்டு நோட்டில் நாற்பத்தொரு பக்கங்களில் எழுத்து இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பக்கம். மேலே தேதியும் தோட்டத்தின் பெயரும். கீழே அன்றைய பாட்டுகள், பாடும் வரிசையில். நான்கு பக்கங்களில் மட்டும் ஒரு பாட்டுக்குப் பக்கத்தில் சிறிய வட்டம் போட்டிருக்கிறது. அந்தப் பாட்டில் மைக் நின்றுபோனது என்று அர்த்தம். அதன் பிறகு வெறும் குரல்.

அம்மாவின் பெயர் யூஜினியா. 1994 செப்டம்பரில் இறந்தார். மருத்துவமனையில் கடைசி வாரம் என்னிடம் சொன்னார்: "முரியல், பேட்டரியக் குடுத்தது நாந்தான். நான் சொன்னத ஒருத்தனும் நம்பல." நானும் நம்பவில்லை. தன் அண்ணனை, என் மாமாவை, காப்பாற்றுவதற்காக நாற்பது வருடம் சொல்லிப் பழகிய பொய் என்று நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

நான் மலேசியாவில், செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் மின்கருவிகளைச் சோதிக்கும் டெக்னீஷியன். அடக்கம் முடிந்த பத்தாம் நாள் நோட்டைச் சோதித்தேன்.

அம்மா பிறந்தது பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில். பதினைந்து வயதில் பால்மரம் வெட்டப் போனவர். ஊரில் ஒரு மளிகைக் கடையில் கிராமபோன் இருந்தது. கடைக்காரர் புதிய தட்டு போடும்போதெல்லாம் வாசலில் நின்று கேட்டே சினிமாப் பாட்டுகளைப் பாடம் செய்தார். இருபது வயதில் ஆர்மோனியக்காரர் நாராயணசாமியின் குழுவில் சேர்ந்தார். குழுவில் எட்டுப் பேர். பெண் அவர் ஒருவர்தான். அண்ணன் சூசைமுத்துவுக்கு மைக் வேலை.

அப்போது மலாயாவில் அவசரகாலம், காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், வெளியே வெள்ளைக்கார ராணுவம். இரவில் ஊரடங்கு. லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார்கள். அதனால் கச்சேரி ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்துக்கு முடியும். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நடக்கும் களத்திலேயே நான்கு மேசையைச் சேர்த்துப் போட்டால் மேடை. கேட்ட பாட்டையே மறுபடி கேட்பார்கள். அம்மா சலிக்காமல் மூன்றாம் தடவையும் பாடுவார். இஞ்சியும் பனங்கற்கண்டும் எப்போதும் கடைவாயில் இருக்கும். கோலசிலாங்கூர் முதல் செரண்டா வரை தோட்டங்களில் 'மைக் யூஜி' என்றால் தெரியும்.

மைக்குக்குக் கார் பேட்டரி ஒன்று. அதைச் சூசைமுத்து மாமா யாரையும் தொடவிடாமல் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார். அந்தோணியார் திருநாளில் ஊர்க்காரர்கள் சைக்கிள், பால்வெட்டும் கத்தி, தையல் மெஷின் எல்லாம் கோயில் வாசலுக்குக் கொண்டுபோய்ச் சாமியாரிடம் மந்திரித்து வாங்குவார்கள். மந்திரித்த பொருளில் சிவப்புச் சாயத்தால் ஒரு சிலுவை. மாமா பேட்டரியைத் தோளில் வைத்துக் கொண்டுபோனார். சாமியார் சிரித்துக்கொண்டே தீர்த்தம் தெளித்தாராம்.

பேட்டரி காட்டுக்குள் இருந்தவர்களுக்கும் வேண்டிய பொருள். அதனால் தோட்டத்து வாசலில் காவல்காரர் ஒவ்வொரு தடவையும் எழுதுவார்: உள்ளே பேட்டரி ஒன்று, சிவப்புச் சிலுவை. திரும்பும்போது: வெளியே பேட்டரி ஒன்று, சிவப்புச் சிலுவை. கணக்கு எப்போதும் சரி.

கணக்கு சரிதான், ஆனாலும் பலருக்குச் சந்தேகம். தோட்டங்களுக்குப் போகும் சாலையில் அந்த வருடம் காட்டுக்காரர்கள் இரண்டு பஸ்ஸை எரித்தார்கள். நாராயணசாமியின் லோரி நாற்பத்தொரு தடவை போய்வந்தது. ஒரு கல்கூட விழவில்லை. தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் காளியண்ணன் ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டாராம்: "நாராயணசாமி, உன் லோரிக்கு மட்டும் காட்டுல மாமன் மச்சான் இருக்கானா?" நாராயணசாமி, "எங்க பாட்டுக்கு மயங்கிட்டானுங்க லா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு குழுவுக்குள் ஒருவர் முன்னால் ஒருவர் கவனமாகப் பேச ஆரம்பித்தார்கள்.

1952 மார்ச்சில் ராணுவம் காட்டுக்குள் ஒரு முகாமைப் பிடித்தது. அங்கே ஒரு பேட்டரி கிடைத்தது. அதில் சிவப்புச் சிலுவை இருந்தது.

அடுத்த நாளே குழுவின் லோரியைச் சோதித்தார்கள். குழுவின் பேட்டரி இடத்தில்தான் இருந்தது. அதிலும் சிவப்புச் சிலுவை. பேட்டரி இரண்டு, சிலுவை இரண்டு. மைக்காரர் யார் என்று கேட்டார்கள். மாமாவைக் கொண்டுபோனார்கள்.

அம்மா மறுநாள் தனியாகப் போலீஸ் நிலையத்துக்குப் போனார். இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனார். அதைச் சொல்லும்போதெல்லாம் "அதுதான் நான் செஞ்ச தப்பு" என்பார். விசாரித்தவர் வெள்ளைக்காரர். மொழிபெயர்க்க சுப்பிரமணியம் என்ற ஒருவர் இருந்தார்.

"பேட்டரிய மாத்திக் குடுத்தது நாந்தான். எங்கண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது."

சுப்பிரமணியம் அதைச் சொன்னார். வெள்ளைக்காரர் மேசைக்கு அடியில் இருந்த பேட்டரியைக் காலால் தட்டி ஏதோ கேட்டார்.

"இத நீ தூக்குவியான்னு கேக்குறார்."

"தூக்கிக் காட்டட்டுமா?"

"வேணாம்மா. பட்டுச்சேல அழுக்காயிடும். அண்ணன் மேல பாசம், புரியுது. வீட்டுக்குப் போ."

ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தப் பேட்டரியின் எடை பதினெட்டு கிலோ இருக்கும். பால்மரம் வெட்டும் பெண் நாள்தோறும் காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் அதைவிடக் கனமான பால்வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் சுமப்பாள். அம்மா ஐந்து வருடம் சுமந்தவர். அந்த அறையில் இருந்தவர்கள் பார்த்தது பாட்டுக்காரியை.

மாமா தடுப்பு முகாமில் பதினெட்டு மாதம் இருந்தார். குழுவின் அனுமதி ரத்தானது. அம்மா அதன் பிறகு மேடை ஏறவில்லை. கோயிலில்கூட வாயை அசைப்பார், சத்தம் வராது.

மாமா திரும்பி வந்ததும் அம்மா அவரிடமும் அதையே சொன்னார். மாமா சொன்னாராம்: "இன்னமும் என்னையக் காப்பாத்தப் பாக்குற. அப்ப நான் செஞ்சேன்னுதான நீயும் நெனைக்கிற?" அதோடு பேச்சு நின்றது. வருடத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமசுக்கு வருவார். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த அப்பா, அவர் வரும் சத்தம் கேட்டதும் ரேடியோவைத் தூக்கி அறைக்குள் வைத்துப் பூட்டுவார். நான் அதைப் பார்த்து வளர்ந்தேன். அம்மாவின் அடக்கத்தன்று தாய்வீட்டுக் கோடியை மாமாவின் கையிலிருந்து வாங்கி வேறொருவர் போட்டார். மாமா கல்லறைத் தோட்டத்தின் வாசலிலேயே நின்றார். யாரும் உள்ளே கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

இனி நோட்டு.

நிரம்பிய பேட்டரி அந்த ஆம்ப்ளிஃபயரை எட்டு மணி நேரம் ஓட்டும். மூன்று மணிக் கச்சேரிக்குத் தாராளம். முப்பத்தேழு ஞாயிறு அப்படித்தான் நடந்திருக்கிறது. வட்டம் போட்ட நான்கு நாளில் மட்டும் ஏழாவது, எட்டாவது பாட்டில் மைக் நின்றிருக்கிறது. பேட்டரி கெட்டுப்போயிருந்தால் அடுத்த வாரமும் நிற்கும். நிற்கவில்லை. சனிக்கிழமை பட்டறையில் சார்ஜ் ஏற்றியதும் நன்றாக வேலை செய்திருக்கிறது. ஆகவே அது கெட்ட பேட்டரி இல்லை, காலி பேட்டரி. யாரோ பயன்படுத்தித் தீர்த்துவிட்டு, நிரம்பியதை எடுத்துக்கொண்டு, தீர்ந்ததை வைத்திருக்கிறார்கள்.

நான்கு நாளும் ஒரே தோட்டம். காட்டோரம் இருந்த பதினாலாங்கட்டைத் தோட்டம். அங்கே அம்மா சேலை மாற்றுவது ஆயக்கொட்டகையில். வேலைக்குப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது, ஞாயிறு காலியாக இருக்கும். மைக் சாமான்களையும் பத்திரத்துக்காக அங்கேயே வைப்பார்கள். அம்மா உள்ளே இருந்தால் ஆண்கள் யாரும் போக மாட்டார்கள். மாமாகூடக் கதவைத் தட்டிவிட்டு வெளியே நிற்பார்.

மூன்றாவது வட்டம் உள்ள பக்கத்தில் தேதிக்குக் கீழே அம்மாவின் கையெழுத்து: 'அண்ணன் காய்ச்சல், ஆஸ்பத்திரி. மைக் நாராயணசாமி பார்த்தார்.'

அன்றும் பேட்டரி மாறியிருக்கிறது. மாமா அங்கே இல்லை.

அது நாராயணசாமியாக இருக்கலாம் என்று ஒரு நாள் முழுவதும் யோசித்தேன். பிறகு பக்கங்களின் ஓரத்தைப் பார்த்தேன். வட்டம் போட்ட நான்கு பக்கங்களின் ஓரத்திலும் ஒரு சிவப்புத் தடம். மற்ற முப்பத்தேழிலும் இல்லை. குங்குமம் இல்லை, எங்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் லென்சில் வைத்துப் பார்த்தேன். எண்ணெய்ச் சாயம். பெருவிரலின் ரேகைகூடத் தெரிந்தது. மேடைக்குப் போகும் முன் ஆயக்கொட்டகையில் உட்கார்ந்துதான் அம்மா பாட்டு வரிசையை எழுதுவார். எழுதும்போது விரலில் சாயம் காயவில்லை. வாசலில் கணக்கு சரியாக வர, மாற்றி வைத்த பேட்டரியில் அவரே சிலுவை அடித்திருக்கிறார்.

சுங்கை புரோங்கில் மாமா வீட்டுக்கு அடுத்த சனிக்கிழமை போனேன். தஞ்சோங் காராங் தாண்டி வாய்க்கால் ஓரமாகவே போக வேண்டும். மாமா வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புகளைப் பழுது பார்க்கிறார். வயது அறுபத்தொன்பது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"என்ன புள்ள, வீட்ல எதும் காணோமா?"

அது எனக்கு வேண்டியதுதான். நோட்டைப் பிரித்துக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். மணிக் கணக்கு, காய்ச்சல், சாயம். கையைத் துடைத்துவிட்டு மூன்றாவது வட்டம் உள்ள பக்கத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"நகச்சாயம்னு நெனச்சேன்."

"என்ன மாமா?"

"பதினாலாங்கட்டைக்குக் கடைசியாப் போனப்ப அவ விரல்ல செவப்பு. கோயில்ல பாடுற புள்ள நகத்துக்குச் சாயம் பூசலாமான்னு லோரியில எல்லார் முன்னாடியும் ஏசினேன். ஒண்ணும் சொல்லல. மண்ணெண்ணெ குடுங்கன்னு டிரைவர்கிட்ட வாங்கித் தொடச்சா." பக்கத்தை இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்குச் சாய்த்தார். "நகச்சாயத்துக்கு எதுக்குடா மண்ணெண்ணென்னு எனக்குத் தோணல பாரு."

"ஆஸ்பத்திரியில அம்மா சொன்னாங்க மாமா, சிலுவையச் சுரண்டிட்டுத்தான் குடுக்கணும்னு காட்டுக்காரங்க சொன்னாங்களாம். அம்மா அத மட்டும் செய்யல. காட்டுக்குள்ள அவங்களே சுரண்டிக்கிட்டாங்க. கடைசித் தடவை சுரண்டுறதுக்குள்ள ராணுவம் வந்துருச்சு."

"அவளே அடிச்ச சிலுவ. மந்திரிக்கக்கூட இல்ல. அதச் சுரண்ட அவளுக்குக் கை வரல."

"ஆமா."

"என்னைய உள்ள தள்ள மட்டும் வந்துச்சு."

அம்மா நிலையத்துக்குப் போய்ச் சொன்னார் என்பது அவருக்கும் தெரியும்.

"எதுக்குக் குடுத்தான்னு சொன்னாளா?"

"லோரி போவணும், நான் பாடணும்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல. வந்து வாங்கிட்டுப் போன ஆள் யாருன்னும் சொல்லல."

"எட்டுப் பேரு உசிரோட திரும்புனோம்." பக்கத்தை மூடினார். "மைக் நின்ன அன்னிக்குத்தான் நல்லாப் பாடுவா. சனங்க எல்லாம் மேசைக்குக் கிட்ட நெருங்கி வந்து ஒக்காருவாங்க. நான் வயரப் புடிச்சுக்கிட்டு மேடைக்கடியில கெடப்பேன், என் மேலதான் தப்புன்னு." முகத்தை வாய்க்கால் பக்கம் திருப்பிக்கொண்டார். "உள்ள இருந்த பதினெட்டு மாசம் எனக்குப் பெருசில்ல. பொறந்தவளே என்னைய நம்பலையேன்னுதான். அவ உண்மையத்தான் சொல்லியிருக்கா. சந்தேகப்பட்டது நான்."

"எல்லாரும்தான் மாமா. நானும்."

அதற்கு அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுக்கவில்லை.

கிளம்பும்போது நவம்பர் இரண்டாம் தேதிக் கல்லறைத் திருநாளுக்கு அவரை வரச் சொன்னேன். இந்தத் தடவை வாசலில் நிற்க வேண்டாம் என்று சொன்னேன். அம்மாவின் குழியில் இன்னும் மரச்சிலுவைதான் இருக்கிறது, சாயம் அடிக்கவில்லை என்றேன்.

"யாரையும் விடாத. நான் அடிக்கிறேன்."

"என்ன சாயம் வாங்கணும்?"

"வெள்ளதான், வேறென்ன? செவப்பு அடிச்சா மறுபடி புடிச்சிட்டுப் போயிருவானுங்க."

சிரிக்கவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது மூன்றாவது வட்டப் பக்கத்தை மட்டும் கேட்டார். பிரித்துக் கொடுத்தேன். இப்போது என்னிடம் இருப்பது நாற்பது பக்கம்.