விச்சு சார் வீட்டு விஷுவும் பதினோரு பாத்திரங்களும்

செவ்வாய்க்கிழமை காலை மாஹிம் ஸ்டேஷன் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. விச்சு சாரின் மகன் ரமேஷ் அனுப்பியிருந்தான். அவனுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அப்பா போயிட்டார், ஒரு மணிக்கு எடுக்கிறோம் என்று ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தான். பன்னிரண்டரைக்கே மாட்டுங்கா வீட்டில் போய் நின்றேன். எடுத்தபோது மணி மூன்றரை. சாஸ்திரிகள் சயான் பாலத்துப் பக்கம் மாட்டிக்கொண்டாராம். அழுகைக்கு முன்னால் எனக்குப் பழைய எரிச்சல்தான் வந்தது. இந்த மனிதர் வீட்டில் எதுதான் சொன்ன நேரத்துக்கு நடந்தது?

விச்சு சார் நம் பத்திரிகையின் செய்தி ஆசிரியர். என் செய்திகளை இருபத்திரண்டு ஆண்டுகள் வெட்டியவர். அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் வீட்டு விஷுவும் தெரியும். எங்களுக்கு வருஷப் பிறப்பான சித்திரை முதல் நாள், பாலக்காட்டுக்காரரான அவருக்கு விஷு. மனைவி போன பிறகும் அந்தச் சாப்பாட்டை அவர் விடவில்லை. உறவும் நட்புமாக இருபது பேரைப் பன்னிரண்டரைக்கு வரச்சொல்வார். மூன்றாவது மாடி, ஒரு படுக்கையறை வீடு, சித்திரை வெயில். இலை போடும்போது மூன்றரை ஆகும். உதவிக்குப் போனாலும் குற்றம். ஒருமுறை பூசணிக்காய் நறுக்கிக் கொடுத்தேன். தட்டை வாங்கிப் பார்த்தார். "ஓய், உம்ம பாரா மாதிரியே இருக்கு. ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை." அத்தனையையும் மறுபடி நறுக்கினார். அன்று இலை போட நாலு மணி.

தாமதத்துக்குக் காரணம் உண்டு. தாராவியில் என் அம்மா குழம்பு கொதிக்கும்போதே உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பாள். விச்சு சார் வீட்டில் அது நடக்காது. சாமிக்கு நைவேத்தியம் ஆகும்வரை எதையும் நாக்கில் வைக்கக் கூடாது. உப்பெல்லாம் கைக்கணக்கு. மணி அடித்த பிறகுதான் பதினோரு பாத்திரங்களையும் ஒவ்வொன்றாக ருசி பார்த்துத் திருத்துவார். என் செய்தியைத் திருத்துவதுபோலவே, அவசரமில்லாமல். வெளியே இருபது பேர் பசியோடு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

கடைசி மூன்று விஷுக்களில் ருசி பார்க்கும் வேலையை என் தலையில் கட்டினார். மணி அடித்ததும், "ஓய், இங்க வாரும்" என்பார். உள்ளங்கையில் ஊற்றுவார். நக்க வேண்டும், கை கழுவ வேண்டும், வாய் கொப்பளிக்க வேண்டும், அடுத்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். "நன்னாருக்குங்கறது நியூஸ் இல்லை ஓய். என்ன குறையறது, எவ்வளவு குறையறது, அதைச் சொல்லும்." ஓய்வு பெற்ற பிறகும் என்னை வேலை வாங்குவதில் அவருக்கு ஒரு சுகம் என்றே நினைத்தேன்.

இரண்டாவது வருஷம் மணி மூன்றைத் தாண்டியபோது என் பொறுமை போய்விட்டது. ஏழு பாத்திரம் பார்த்தேன். மிச்சம் நாலையும் தொடாமலே எல்லாம் சரி என்றேன். அந்த நாலில் ஓலன் ஒன்று. வெள்ளைப் பூசணியும் காராமணியும் தேங்காய்ப்பாலில் வெந்தது. உப்பை விட்டால் அதற்கு வேறு பிழைப்பு இல்லை. அதில் ஒரு கல் உப்புகூட இல்லை. யாரோ உப்பு ஜாடியைச் சுற்றிவிட்டார்கள். தாணேயிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ரமேஷ் இலையிலிருந்து நிமிராமல் சொன்னான். "போதும்ப்பா. அடுத்த வருஷம் கேட்டரிங் சொல்லிடலாம்."

என்னைக் கை காட்டியிருக்கலாம். அவர் காட்டவில்லை. வயசாச்சு, கை மறந்துடுத்து என்று மட்டும் சொன்னார். பிறகு ஓலனை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கி, ரசித்து, வழித்துச் சாப்பிட்டார்.

அதைத்தான் நான் பார்த்தேன். கை கழுவப் போகிற சாக்கில் சமையலறையில் அவரைப் பிடித்தேன்.

"எத்தனை நாளா சார்?"

"போன வருஷம் ஜுரம் வந்துதே, அதுலேர்ந்து. வாசனையும் இல்லை, ருசியும் இல்லை."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா உமக்கு எம்மேல பரிதாபம் வந்துடும். எல்லாம் நன்னாருக்குன்னுடுவீர். நேக்கு எரிச்சல்படற ஆள்தான் வேணும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ரமேஷ்கிட்ட மூச்சு விடாதேயும். அடுப்பைப் பிடுங்கிண்டுடுவான்."

ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. என் நாக்கை என்னிடம் கேட்காமலே இரண்டு வருஷம் எடுத்துக்கொண்ட மனிதர்.

மூன்றாவது விஷுவுக்கு ரமேஷ் அரைமனதாகத்தான் சம்மதித்தான். இந்த முறையும் கெட்டால் இனி கேட்டரிங்தான் என்று சொல்லிவிட்டான். நான் காலை பத்துக்கே போய்விட்டேன். மணி அடித்ததும் பதினொன்றையும் இரண்டிரண்டு தடவை பார்த்தேன். சாம்பாரில் அரை ஸ்பூன் உப்பு, பச்சடியில் கொஞ்சம் வெல்லம், ஓலனில் இரண்டு சிட்டிகை. ஒவ்வொன்றுக்கும் சண்டை. உமக்குத் திருநெல்வேலி நாக்கு, காரம் தவிர என்ன தெரியும் என்றார். ருசியே தெரியாத மனிதர் ருசிக்காக என்னோடு வாதாடினார். வாதாடிவிட்டு நான் சொன்ன அளவையே போட்டார்.

ரமேஷ் ஓலனை மறுபடி கேட்டு வாங்கினான். "அப்பா கை திரும்பிடுத்து, இல்லையா அங்கிள்?" ஆமாம் என்றேன். இலைக்கு எதிரே நின்றிருந்த விச்சு சார் என் பக்கமே பார்க்கவில்லை.

இனி அந்த அடுப்பை யாரும் அவரிடமிருந்து பிடுங்க முடியாது என்பதால் இதை எழுதுகிறேன். ரமேஷிடம் நேற்றே போனில் சொல்லிவிட்டேன். "கடைசி விஷு ஓலன் நீங்களா அங்கிள்?" என்றான். ஆமாம் என்றேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு கெட்ட பழக்கம். செம்பூரில் என் வீட்டிலும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. எது எவ்வளவு குறைகிறது என்றுதான் வருகிறது. என் மனைவி எரிச்சல்படுகிறாள். விச்சு சார் இருந்திருந்தால் அவளைத்தான் அடுத்த விஷுவுக்குச் சமையலறைக்குள் கூப்பிட்டிருப்பார்.

அந்தக் கடைசி விஷுவுக்கு வந்து சாப்பிட்ட நண்பர்களே, அன்றைய உப்பு நான் சொன்னது. தாமதம் முழுக்க முழுக்க அவருடையது.