கலிபோர்னியாவிலிருந்து ஒரு வாசகர்

எனக்குப் படம் எடுக்கவும் தெரியாது, எழுதவும் வராது. ஆனாலும் பல வருஷம் ஒரு போட்டோ வலைப்பதிவு நடத்தினேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு படம், கீழே ஒரு வரி. "அருமை, தொடருங்கள்" என்று யார் யாரோ பின்னூட்டம் போடுவார்கள். அவர்கள் அருமையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நான் அதை நடத்தியது ஒரே ஒரு ஆளுக்காக. என் மகனுக்காக.

என் வீட்டுக்காரர் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் டெல்லிக்கு வந்து, கரோல் பாக்கில் ஒற்றை அறையில் குடியிருந்து, மயூர் விஹாரில் சொசைட்டி ஃப்ளாட்டுக்கு வந்து சேரும்வரை அவருக்கு எல்லாமே அரசாங்கம்தான். மகனும் பரீட்சை எழுதி அதே அரசாங்க வேலையை வாங்கினான். இவர் ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தார். ஆர்டர் கைக்கு வந்த பிறகு, "எனக்கு இது வேண்டாம்ப்பா, அமெரிக்காவுல கம்ப்யூட்டர் வேலை கிடைச்சிருக்கு" என்றான் பையன். "லட்டு தின்னவன் மூஞ்சில எல்லாம் நான் எப்படிலே முழிப்பேன்" என்று இவர் கத்தினார். வேலை போனதுகூட இரண்டாம்பட்சம்தான், லட்டுதான் அவர் மானத்தை வாங்கிவிட்டது.

அங்கே போய் இறங்கியதும் அவன் சில தடவை போன் செய்தான். இவர்தான் எடுப்பார். குரலைக் கேட்பார். ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிடுவார். அடுக்களையிலிருந்து நான் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். பிறகு போன் வருவது நின்றுபோனது. அவனுடைய ரோஷம் மட்டும் எங்கிருந்து வந்தது? எல்லாம் அப்பன் சொத்து. எனக்கு ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை, மெயில் அனுப்பத் தெரியும். அனுப்பினேன், பதில் இல்லை. தொந்தரவு செய்தால் அந்த முகவரியையும் மாற்றிவிடுவானோ என்று பயந்து நிறுத்திக்கொண்டேன். ஆபீசில் கூட இருந்த ஒருத்தி சொல்லிக் கொடுத்துத்தான் வலைப்பதிவு தொடங்கினேன். அதன் முகவரியை மட்டும் அவனுக்கு அனுப்பி, "பேச வேண்டாம், வந்து பார், போதும்" என்று எழுதினேன்.

பதிவின் ஓரத்தில் ஒரு கவுண்டர் இருந்தது. எந்த ஊரிலிருந்து வந்து பார்த்தார்கள் என்று கொடியோடு காட்டும். மறுநாள் காலையில் திறந்தால் அமெரிக்கக் கொடி. பக்கத்தில் கலிபோர்னியா. என் மகன் இருந்ததும் கலிபோர்னியாவில்தான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அதன் பிறகு அந்தக் கொடி வராத வாரமே இல்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் படமாகப் போட்டேன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய முருங்கைக்காய். பொங்கி வழிந்து அடுப்பை நாறடித்த பொங்கல் பானை. தெருமுனையில் எழும்பிக்கொண்டிருந்த மெட்ரோ தூண். அவனுடைய அப்பாவை எடுக்கத்தான் முடியவில்லை. கேமராவைத் தூக்கினாலே, "எவனுக்குக் காட்ட?" என்று எழுந்து போய்விடுவார். அதனால் அவர் செருப்பை எடுத்தேன். பால்கனியில் காயும் ஸ்வெட்டரை எடுத்தேன். அவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் மாத்திரை அட்டையை எடுத்துப் போட்டேன். புத்தியுள்ள பிள்ளை, புரிந்துகொள்வான் என்று நினைத்தேன். மறுநாளும் கொடி வந்தது. ஆனால் போன் வரவில்லை. அன்றைக்கு அவன் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

ஆஸ்பத்திரியில் வைத்து இவரிடம் கொடியைப் பற்றிச் சொல்லியிருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு இவரிடம் ஒரு புதுப் பழக்கம். திங்கட்கிழமை காலையில் நான் கம்ப்யூட்டரை மூடும்போது பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்பார். "ஏளா, அமெரிக்கா வந்துச்சா?"

"வந்துச்சு."

"அச்சா" என்று பக்கத்தைத் திருப்புவார். அவ்வளவுதான்.

டெல்லியில் தமிழில் வலைப்பதிவு எழுதுகிறவர்கள் ஒரு ஞாயிறு மத்தியானம் கரோல் பாக்கில் ஒருவர் வீட்டில் கூடினோம். பத்துப் பன்னிரண்டு பேர் இருப்போம். வடை, டீ, அரட்டை. யாருக்கு எத்தனை வாசகர்கள் என்று பேச்சு வந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. "எனக்கு கலிபோர்னியாவுல ஒருத்தர் இருக்கார், வாரம் தவறாம வந்து பார்ப்பார்" என்றேன். சமையல் குறிப்பு எழுதும் ஒரு அம்மா, "அட, எனக்கும் அங்கேயிருந்து ஒருத்தர் வரார்" என்றார். எனக்கும், எனக்கும் என்று நாலைந்து கை உயர்ந்தது. வங்கியில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்த ஒருவர் சிரித்துவிட்டார்.

"அது ஆளே இல்ல மேடம். இன்டர்நெட்ல தேடிக் கொடுக்குற மெஷின். உலகத்துல யார் என்ன எழுதினாலும் வந்து பாத்துட்டுப் போகும். அதோட கம்ப்யூட்டர் அங்க இருக்கு, அதான் கலிபோர்னியான்னு காட்டுது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய முடியும்? எனக்கு வந்தது மட்டும் மகனாக இருக்கலாமே என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் வீட்டுக்கார அம்மா இன்னொரு வடை வைத்தார். அதையும் தின்றேன்.

பஸ்ஸில் திரும்பும்போது அதே நினைப்புதான். இத்தனை வருஷமும் ஒரு மெஷினுக்கா முருங்கைக்காய் காட்டினேன்? மாத்திரை அட்டையைக் காட்டினேன்? மகன் பார்த்தானா, ஒரு தடவையாவது பார்த்தானா, யாரிடம் போய்க் கேட்பது? வீட்டுக்குப் போனதும் இவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். தனியாகத் தூக்கிச் சுமக்க எனக்குத் தெம்பில்லை.

கதவைத் திறந்தவரைப் பார்த்து நின்றுவிட்டேன். ஷேவ் செய்திருந்தார். குளிர்காலம் முழுக்கத் தலையை விட்டு இறங்காத குரங்குக் குல்லாவைக் காணோம். இஸ்திரி போட்ட சட்டை.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"எங்கயும் இல்ல. என்னைய ஒண்ணு எடு" என்றார். "வாரம் தவறாம வந்து பாக்காம்லா. எத்தன நாளைக்குத்தான் என் செருப்பையே பாத்துட்டு இருப்பான்?"

அப்போதுதான் தெரிந்தது, நான் ஆபீஸ் போன பிறகு அவரும் ரகசியமாகத் திறந்து பார்த்திருக்கிறார் என்று. சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் பால்கனியில் போய், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

எடுத்தேன்.

"கீழ என்ன எழுதட்டும்?"

யோசித்தார். "நல்லா இருக்கேன்னு போடு." சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, "அது வேண்டாம். எப்பய்யா வருவன்னு போடு" என்றார்.

அப்படியே போட்டேன்.

திங்கட்கிழமை காலையில் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கவுண்டரில் கொடி இருந்தது. கலிபோர்னியா. அவர் விரலை வைத்துக் காட்டினார்.

"பாத்துட்டாம்லா."

"ஆமா" என்றேன்.

ஊரே பிராட்பேண்டுக்கு மாறியிருந்தாலும் எங்கள் வீட்டில் அப்போதும் போன் லைனில்தான் இன்டர்நெட் வரும். அது ஓடும்வரை வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டுதான்.

"சரி, நெட்ட அணை" என்றார். "அவன் கூப்பிட்டா லைன் கெடைக்காது."

அணைத்தேன். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் போனுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"அடிச்சா நீ ஓடி வராத. நான் பேசுதேன்."