மூன்றாவது ஜோடி

கடையில் நான் இருந்தேன். என் மகள் இருந்தாள். குருவி விற்கிறவர் இருந்தார்.

"அண்ணாச்சி, இந்த மூணடிக் கூண்டுக்கு ரெண்டு ஜோடி பின்ச் போதும். மூணு போட்டா கொத்திக்கிடும்" என்றார்.

எனக்கு அது தெரியும்.

எங்கள் அப்பா எதையும் பிள்ளைக்கு ஒன்றாகத்தான் வாங்குவார். தீபாவளிக்கு மூவருக்கும் ஒரே துணியில் சட்டை தைப்பார். அப்படித்தான் சின்ன வயதில் அண்ணன், நான், தங்கை மூவருக்கும் ஆளுக்கொரு ஜோடி பின்ச் குருவி வாங்கினார். தீப்பெட்டி ஆபீஸ் பலகையில் அவரே கூண்டு அடித்தார். அதில் குருவி கூடு கட்ட இரண்டு கலயம் வைக்கத்தான் இடம் இருந்தது. நாள் முழுக்கக் கலயத்துக்குச் சண்டை.

"அடி வாங்குத ஜோடிய கயத்தாத்துக்கு, ஒங்க அத்தை வீட்டுக்குக் குடுத்துருவோம்" என்றார் அப்பா.

அடி வாங்கியது என் ஜோடி.

"ஏலே, ஒன் மாப்பிள்ளையும் பொண்ணும் பஸ் ஏறப் போகுதுடே" என்று அண்ணன் சிரித்தான்.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் பருத்தி எடுக்கப் போயிருந்தார்கள். தங்கையின் பெட்டைக் குருவியைப் பிடித்து முதுகு இறகைப் பிடுங்கினேன். உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது. அது கத்தவில்லை.

சாயங்காலம் அப்பா அதைத் திருப்பிப் பார்த்தார். "இது கொத்து இல்ல, சீக்கு. மத்ததுக்கும் ஒட்டிக்கிடும்" என்று கழுத்தைத் திருகினார். அதன் ஜோடிச் சேவல் குருவியையும் திருகினார்.

"எப்பா, காலைல நல்லாத்தாம்பா இருந்துச்சு" என்றாள் தங்கை.

நான் பிடுங்கியதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. கொல்லைக்குப் போய், டிரவுசர் பையில் ஒளித்திருந்த இறகுகளை எடுத்து எண்ணினேன்.

பதினாறு.