நான் பெண் பார்க்கப் போன கேஸ்

"எங்க இருக்கிய?" என்று போனில் கேட்டாள் என் மனைவி செல்வி.

கல்லிடைக்குறிச்சியில் வேலையாக இருக்கிறேன் என்றேன்.

"வேலையா? பொண்ணு பாக்க வந்திருக்கியன்னுல்லா சொல்லுதாவ."

நான் அப்போது முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கையில் ஒரு தட்டு கேசரி. முந்திரியைத் தாராளமாகவே போட்டிருந்தார்கள். பாதித் தெரு கூடத்தில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கல்யாணமாகி இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றவன், தலைக்கு டை அடித்தவன், கையில் கேசரியோடு அகப்பட்டால் என்ன பதில் சொல்ல முடியும்? நான் பேசாமல் இருந்தேன். அதை அவள் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேஸ் இதுதான். ஆபீசில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நடந்தது நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

1. விசாரணை என்றால் ஓடுவார்கள்

பாளையங்கோட்டையில் ஒரு வெரிஃபிகேஷன் கம்பெனியில் நான் ஃபீல்டு ஆபீசர். பிறர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வருகிறவர்களைப் பற்றி விசாரித்து எழுதுவது எங்கள் பிரிவு. ஸ்கூல் வேன் டிரைவர், ஹாஸ்டல் வார்டன், காப்பக ஆயா எல்லோரும் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். போலீஸ் சர்டிபிகேட் தனியாக வாங்குவோம். அது ஸ்டேஷனில் கேஸ் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும், ஆள் எப்படி என்று சொல்லாது. அதற்குத்தான் நெய்பர் செக் என்று ஒன்று வைத்திருக்கிறோம். அக்கம்பக்கத்தில் போய்ப் பேச வேண்டும். எல்லாம் சரி என்றால் கிரீன், சந்தேகம் என்றால் ஆம்பர், கூடவே கூடாது என்றால் ரெட். பிள்ளைகளை அடிப்பார் என்று ஒரே ஒருவர் சொன்னாலும் ரெட்தான். ரெட் விழுந்தால் அந்த வேலை போவதோடு முடியாது. நாளைக்கு வேறு காப்பகம் கேட்டாலும் எங்கள் சிஸ்டம் அதே ரெட்டைத்தான் காட்டும்.

ஆரம்பத்தில் நான் "விசாரணைக்கு வந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு போவேன். பேட்டையில் ஒரு வீட்டில் அப்படிச் சொன்னதும் உள்ளே இருந்தவர் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து ஓடிவிட்டார். கேஸ் அவருடையதே இல்லை, எதிர்வீட்டுக்காரருடையது. அவர் ஏன் ஓடினார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மறுநாள் மேனேஜர் ராஜன் சார் என்னைக் கூப்பிட்டார்.

"விசாரணைன்னு சொன்னா எவன்வே பேசுவான்? ஒரு நல்ல காரியமா வந்திருக்கேன்னு சொல்லும். பிள்ளைகளப் பாக்குத வேலை நல்ல காரியந்தான?"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நம் பக்கத்தில் நல்ல காரியம் என்றால் உலகத்தில் ஒரே ஒரு காரியம்தான் உண்டு. அது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

2. நல்ல காரியம்

கேண்டிடேட் பெயர் காந்திமதி. முப்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை. கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் ஒரு ஃபேக்டரிக்காரர்கள், வேலைக்கு வரும் பெண்களின் குழந்தைகளுக்காகக் காப்பகம் திறந்தார்கள். அதில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தங்க ஹாஸ்டல் உண்டு. மாண்டிசோரி டிரெயினிங் முடித்துவிட்டு வீட்டிலேயே இருந்த பெண்ணுக்கு முதல் தடவையாக ஒரு வேலை வாசல் வரை வந்திருந்தது. போனில் பேசும்போது ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள். வேலைக்கு மனுப் போட்டதை வீட்டில் சொல்லவில்லை, தெரிந்தால் போக விடமாட்டார்கள், ஆர்டர் கைக்கு வரும்வரை உடைத்துவிடாதீர்கள் என்றாள். சரி என்று வாக்குக் கொடுத்தேன். ரிப்போர்ட் அன்று சாயங்காலத்துக்குள் போயாக வேண்டும்.

கம்பெனி சொன்னபடி வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டு, திருநீறு இட்டு, அம்பாசமுத்திரம் பஸ் பிடித்துப் போனேன். கன்னடியன் கால்வாய்க்குப் பக்கத்துத் தெரு. முதலில் எதிர்வீடு. ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் சங்கரலிங்கம் பிள்ளை ஈசிசேரில் சாய்ந்திருந்தார். காந்திமதியைப் பற்றி ஒரு நல்ல காரியமாகக் கேட்க வந்திருக்கிறேன் என்றேன். மனிதர் எழுந்து உட்கார்ந்தார். ஃபேனைப் போட்டார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். தலையில் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

பிறகு சொன்னார். தங்கமான பிள்ளை, வாயே திறக்காது. பேசினால் அடுத்த அறைக்குக் கேட்காது. வாசல்படி தாண்டாது. நடந்தால் குனிந்த தலை நிமிராது.

எழுத எழுத எனக்கு வியர்த்தது. ஓடுகிற பிள்ளைகளை, வாய் திறக்காமல், தலை நிமிராமல், வாசல்படி தாண்டாமல் ஒருத்தி எப்படிப் பிடிப்பாள்? அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கேயும் இதே பாட்டு. கூடவே, அப்பளம் இடுவதில் கெட்டிக்காரி, நகை போடுவதில் குறை வைக்க மாட்டார்கள் என்றும் சொன்னார்கள். காப்பகத்துக்கும் நகைக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நகையையும் எழுதிக்கொண்டேன்.

3. கை நீளம்

அட்ரஸ் செக்குக்கு வீட்டை போட்டோ எடுக்க வேண்டும். காந்திமதி வீட்டு வாசலில் நின்று போனைத் தூக்கிப் பிடித்தேன். அவள் அம்மா ஜன்னல் வழியே பார்த்துவிட்டு உள்ளே ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் நெய் வாசனை வந்தது. பிறகு அவர்களே வந்து என்னைக் கூடத்தில் உட்கார வைத்துக் கேசரித் தட்டைக் கையில் கொடுத்தார்கள்.

கேண்டிடேட் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது எங்கள் கம்பெனி ரூல். எதிரே நின்ற அந்த அம்மாளுக்குக் கண் கலங்கியிருந்தது. ரூலைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு வாய் கேசரியை எடுத்துப் போட்டேன். கூடத்துக்கு வந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

அப்போது பக்கத்து வீட்டிலிருந்து ஓர் அம்மாள் வந்தார்கள். தெய்வானை, காந்திமதியின் அத்தை. என்னைக் கொல்லைப்பக்கம் வரும்படி ஜாடை காட்டினார்கள். போனேன்.

"தம்பி, நான் சொன்னேன்னு சொல்லாதிய. அவளுக்குக் கை நீளம்."

நம் பக்கத்தில் கை நீளம் என்றால் திருடுவாள் என்றும் எடுத்துக்கொள்ளலாம், அடிப்பாள் என்றும் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று தெரிய வேண்டும். எது என்று கேட்டேன்.

அத்தை கொஞ்சம் யோசித்தார்கள். அந்த யோசனையையும் நான் கவனித்திருக்க வேண்டும். "அடிக்கத்தான். பிள்ளைகளக் கண்டாலே ஆகாது அவளுக்கு" என்றார்கள்.

இது ரெட். வேறு பேச்சே இல்லை. கூடத்துக்குத் திரும்பினால் அந்த அம்மா இன்னும் கொஞ்சம் கேசரி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

4. என்னைப் பற்றிய ரிப்போர்ட்

நான் அவளை விசாரித்துக்கொண்டிருந்த நேரத்தில் தெரு என்னை விசாரித்துக்கொண்டிருந்தது. போஸ்ட்மாஸ்டர் என் பெயரையும் தெருவையும் கேட்டு வைத்திருந்தார். அவருடைய கொழுந்தியாள் திருநெல்வேலி டவுனில் எங்களுக்கு அடுத்த தெரு. ஒரு போன்தான். என் அப்பா காபிப்பொடிக் கடை வைத்திருந்தது, நான் பிளஸ் டூ கணக்கில் ஒரு தடவை ஃபெயிலாகி உட்கார்ந்தது, குறட்டை விடுவது, கல்யாண வீடுகளில் இரண்டாம் பந்தியிலும் தென்படுவது எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. எங்கள் கம்பெனி இத்தனை நாளில் இவ்வளவு சுத்தமாக ஒரு கேஸ் முடித்ததில்லை. கடைசியாகத்தான் அந்தக் கொழுந்தியாள், எனக்குக் கல்யாணமாகிவிட்டதைச் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு நேரே செல்வியிடமும் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

முதலில் நான் சொன்ன அந்த போன் அப்போதுதான் வந்தது. அது வரும்போதே போஸ்ட்மாஸ்டரும் கூடத்துக்குள் வந்துவிட்டார்.

"ஏன்வே, வீட்டுல பெண்டாட்டிய வச்சுக்கிட்டு இங்கன வந்து கேசரி திங்கீரு?"

அதுவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டவர். காந்திமதியின் அம்மா சுவரில் சாய்ந்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த வாக்குப் போகும். சொல்லாவிட்டால் என் குடும்பம் போகும். போனை அணைக்கப் போய் எதையோ அமுக்கிவிட்டேன். ஸ்பீக்கர் ஆன் ஆகிவிட்டது. "வாயில கொழுக்கட்டையா?" என்று செல்வியின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

5. செல்வி கேட்டது

அப்போது காந்திமதி வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு பையன், மூன்று வயது இருக்கலாம். தெய்வானை அத்தையின் மகள் வயிற்றுப் பேரன். பால்வாடியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். கூடத்தைப் பார்த்தாள், கேசரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"எல்லாரும் செத்த சும்மா இருங்க. அவரு பொண்ணு பாக்க வரல. நான்தான் வேலைக்கு மனுப் போட்டிருக்கேன். பிள்ளைகளப் பாக்குத வேலை. கங்கைகொண்டான்ல."

அந்தக் குரல் கால்வாய்க்கு அக்கரையில் துவைத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். போஸ்ட்மாஸ்டர் உட்கார்ந்துவிட்டார். வாயே திறக்காத பிள்ளை என்று நான் எழுதியிருந்ததை அங்கேயே அடித்தேன். ஆனால் ரெட் அப்படியே இருக்கிறதே? தெய்வானை அத்தையும் விடுவதாக இல்லை. அதான் சொன்னேனே, அவளுக்குக் கை நீளம், அந்த வேலைக்கெல்லாம் லாயக்கில்லை என்று இப்போது எல்லோர் முன்னாலும் சொன்னார்கள். காந்திமதியின் முகம் செத்துவிட்டது. நான் அவளைப் பார்க்காமல் பேனாவைப் பார்த்தேன்.

செல்வி இன்னும் லைனில்தான் இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"யக்கா, நான் டவுன்ல இருந்து பேசுதேன். ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நீங்க வெளியூருக்குப் போனா உங்க பேரன யாருகிட்ட விட்டுட்டுப் போவிய?"

"இவகிட்டதான். வேற யாருகிட்ட விட?" என்றார்கள் அத்தை, மூச்சு விடாமல். அதே மூச்சில் இன்னும் சொன்னார்கள். "பெத்தவகிட்டகூட இருக்க மாட்டான், இவகிட்டதான் சோறு திம்பான். இவ போயிட்டா இந்தப் பயல யாரு பாப்பா?"

தான் என்ன சொன்னோம் என்று அத்தைக்கே அப்புறம்தான் தெரிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போடி, போ. போயி ஊரான் பிள்ளைகளயும் பாரு" என்றார்கள். பையன் காந்திமதியின் தோளில் தூங்கிப்போயிருந்தான்.

கிரீன் போட்டேன். என்னுடைய சர்வீசில் அவ்வளவு சந்தோஷமாக நான் கிரீன் போட்டதில்லை. ஆட்சேபணை சொன்னவர் காரணம் என்ற கட்டத்தில், "ஆளை விட மனமில்லை" என்று எழுதினேன். ராஜன் சார் அதை வாசித்துவிட்டு என்ன இது என்று கேட்டார். இதற்கு மேல் சர்டிபிகேட் கிடையாது சார் என்றேன்.

வீட்டுக்குப் போனதும் பெண் எப்படி என்று செல்வி கேட்டாள். அருமையான பெண் என்று உண்மையைச் சொன்னேன். அன்றைக்குச் சாப்பாட்டை நானேதான் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

6. பேனாவை மூடிவிடுங்கள்

அதற்கப்புறம் யாரைப் பற்றியும் நல்லவரா, கெட்டவரா என்று நான் கேட்பதில்லை. செல்வி கேட்டதை மட்டும்தான் கேட்கிறேன். உங்கள் பிள்ளையை இவரிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறுவீர்களா?

ஒரு வேன் டிரைவர் கேஸ். போலீஸ் சர்டிபிகேட் சுத்தம். தெருவே அவரைப் புகழ்ந்தது, எல்லோரையும்விட அதிகமாகப் புகழ்ந்தது பக்கத்து வீட்டுப் பெண். அந்தப் பெண்ணிடம் இந்தக் கேள்வியைக் கேட்டேன். அவர் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த மகளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். நான் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். பஸ் ஸ்டாப்புக்கு அந்தப் பெண்ணே பின்னால் வந்து, டிரைவரைப் பற்றி அதுவரை மறைத்த எல்லாவற்றையும் சொன்னார்.