மனுவில் எழுதிய விலாசம்

நாமக்கல்லில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிற கடை என்னுடையது. பக்கத்துப் பட்டறையைக் கூட்டிப் பெருக்கும் பெண், நான் கொடுத்த பழைய தார்ப்பாயைச் சாலையோரத்தில் கட்டிக்கொண்டு அதற்குள் இருந்தார். புருஷன் இல்லை. ஒரே மகள், அரசு விடுதியில் தங்கிப் படித்தாள்.

"லீவு உட்டா எல்லாப் புள்ளைகளும் ஊட்டுக்குப் போகுதுங்கண்ணா. வயசுக்கு வந்த புள்ளைய நான் எங்கீங்க கூட்டிக்கிட்டு வாரது?"

வீடில்லாதவர்களுக்கு அரசாங்கம் வீடு கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுக்க நானே மனு எழுதினேன். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன். எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. விலாசம் என்ற இடம் வந்ததும் பேனா நின்றது.

"ஊடு இல்லைன்னு எழுதற காயிதத்துல ஊட்டு நம்பர் கேட்டா எப்படீங்க?" என்று சிரித்தார்.

தபால் வந்து சேர வேண்டுமே என்று என் வீட்டு நம்பரைப் போட்டுவிட்டேன்.

சில வாரம் கழித்து விசாரிக்க ஒருவர் என் வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் கடையில். ஆள் இங்கே இல்லை என்றால் மனு கெட்டுப்போகும் என்று பயந்த என் மனைவி, "அந்தக்கா எங்களோடதானுங்க இருக்குது, உள்ள வந்து பாருங்க" என்று மோர் கொடுத்து உபசரித்திருக்கிறாள். அவர் வீட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனாராம். சாயங்காலம் அவள் சொன்னபோது, "நல்ல காரியம் பண்ணுன" என்றேன் நானும்.

பதில் வந்தது. மனுதாரர் காங்கிரீட் வீட்டில் வசிப்பதால் மனு ஏற்கப்படவில்லை.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். அந்தத் தடவை பூசாரி நான்தான்.

படித்துக் காட்டினேன். அவர் ஒரு வார்த்தை ஏசவில்லை. "நல்ல ஊடுதானுங்கண்ணா உங்குளுது" என்றார். மறுபடியும் மனுக் கொடுத்தோம். ஏற்கெனவே விசாரித்தாகிவிட்டது என்று பதில். லீவுக்கு மகளோடு என் வீட்டு முன்னறையில் வந்து இருக்கச் சொன்னேன்.

"எலி வளையானாலும் தனி வளை வேணுமுங்க" என்று தலையை ஆட்டிவிட்டார்.

பிறகு சாக்கடை வெட்ட வந்தவர்கள் தார்ப்பாயை அவிழ்க்கச் சொன்னார்கள். ஊருக்கு வெளியே ஒரு கோழிப்பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை பார்க்கிறவரை அங்கேயே தங்கிக்கொள்ளலாம், இன்னும் மூன்று பெண்களோடு ஒரே அறையில்.

"இனிக் கவலை இல்லீல்ல, அம்மணி?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"முட்டை போடற வரைக்குந்தானுங்களே கோழிக்கும் கூடு."

துணிமூட்டையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். முழுப்பரீட்சை லீவு நெருங்கிக்கொண்டிருந்தது. விடுதியை மூடினால் மகள் எங்கே வருவாள் என்று யோசித்துக்கொண்டே கடைக்குத் திரும்பினேன்.